திருகோணமலையில வண்ணாத்திப்பூச்சி பாக்கிறது எப்பிடி: எங்க, எப்ப, எந்தச் செடியடியில

வண்ணாத்திப்பூச்சி பாக்கிறதெண்டா சிங்கராஜக் காட்டுக்குப் போகோணும், இல்லாட்டி மலைநாட்டுப் பக்கம் ஏறோணும் எண்டு எங்கட ஊராக்களே சொல்லுறதக் கேக்கேக்க எனக்குச் சரியான கவலையா இருக்கும், ஏனெண்டா இலங்கையில 240க்கு மேற்பட்ட வகை இருக்குது, அதில நல்லொரு பங்கு திருகோணமலை மாதிரி வெயில் கூடின, முள்ளுப்பத்தையும் தரவையும் வயலும் கலந்து கிடக்கிற இடங்களத்தான் விரும்பி வாழுது. மழைக்காட்டில நிண்டு மரத்து உச்சியப் பாத்துக் கழுத்து நோகத் தேவையில்ல, உப்புவெளி ரோட்டோரத்தில முழங்கால் உயரப் பூண்டுக்குள்ள குனிஞ்சு பாத்தாலே கண்ணுக்கு நேர கனக்கத் தெரியும். அதால இங்க, எங்கட மாவட்டத்துக்குள்ள, பஸ்ஸில இல்லாட்டி மோட்டச்சைக்கிளில போய்ப் பாத்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ட வரக்கூடிய இடங்கள மட்டும் வைச்சு எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம், மிச்சம் எல்லாம் இதிலதான் தொங்கி நிக்குது. பூச்சியத் துரத்திக்கொண்டு திரியாதேங்கோ, செடியப் படியுங்கோ. பெண் வண்ணாத்திப்பூச்சி கண்ட கண்ட இலையில முட்டை வைக்காது, அதின்ர புழு தின்னக்கூடிய செடி எதுவோ அதிலதான் வைக்கும், இலையில வந்து குந்தி முன்னங்காலால தட்டி ருசி பாத்து சரியான செடிதானா எண்டு தெரிஞ்சுகொண்டுதான் வைக்கும். சில வகைக்கு ஒரேயொரு செடிக் குடும்பம்தான் சாப்பாடு. அப்ப அந்தச் செடி நிக்கிற இடத்தில ஒரு கால் மணித்தியாலம் ஆடாம அசையாம நிண்டா அந்தப் பூச்சி உங்களத் தேடி வரும், செடி இல்லாத இடத்தில நாள் முழுக்கச் சுத்தினாலும் வராது. எங்கட அம்மம்மா ஆக்களுக்கு இந்தச் செடியெல்லாம் பேரோட தெரியும், அவையிட்ட கேட்டுப் படிச்சா பாதி வேல முடிஞ்சுது.

எப்ப போறது

எங்களுக்கு மழை எண்டா ஐப்பசியில இருந்து தை வரைக்கும், வாடைக்காத்தோட வாற மாரி மழைதான். அந்த மழை விழுந்து ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள பத்தை எல்லாம் தளிர் விடும், தளிர் வந்தா முட்டை, முட்டை வந்தா புழு, அப்பிடியே மார்கழி கடைசியில இருந்து மாசி, பங்குனி வரைக்கும் பூச்சி பெருகி நிக்கும். மார்கழியில மழை விட்டு வெயில் எறிக்கிற ஒரு காலமை கிடைச்சா என்ன வேல இருந்தாலும் விட்டிட்டுப் போங்கோ, ரெண்டு மூண்டு நாள் மழைக்குள்ள ஒளிச்சிருந்ததெல்லாம் ஒரேயடியா வெளிய வந்து செட்டைய விரிச்சுக் காயும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா தரவை காஞ்சு மஞ்சளாப் போகும், அப்ப கடற்கரைப் பக்கம் போகாம குளத்தடி, தோட்டம், நிழல் பிடிச்ச காடு எண்டு தண்ணி இருக்கிற பக்கமாப் பாக்கோணும்.

நேரம் எண்டா விடிய ஏழரையில இருந்து பத்தரை வரைக்கும் திறம். அதுக்கு உடம்பு சூடானாத்தான் பறக்க ஏலும், அதால விடியக்காலமை வெயிலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு செட்டைய முழுசா விரிச்சு இலையில இருக்கும், படம் எடுக்க அதவிட நல்ல நேரம் இல்ல. பதினொரு மணிக்குப் பிறகு எங்கட வெயிலுக்கு அதுகளும் நிழலுக்குப் போயிடும், பேந்து பின்னேரம் மூண்டரைக்குப் பிறகு கொஞ்சம் வெளிக்கிடும்.

வீட்டு வளவில தொடங்குங்கோ

தேசி மரம் ஒண்டு வளவில நிண்டாக் காணும். லைம் பட்டர்பிளை எண்டு சொல்லுறது, கறுப்பில இளமஞ்சள் புள்ளி போட்டது, வால் இல்லாதது, தேசி, தோடை, கறிவேப்பிலைத் தளிரில ஒவ்வொரு முட்டையா வைச்சிட்டுப் போகும். புழு சின்னனில கறுப்பும் வெள்ளையுமா குருவி எச்சம் எண்டுதான் நினைப்பியள், குருவியும் அப்பிடித்தான் நினைச்சு விட்டிட்டுப் போகும், வளர்ந்தாப் பிறகு பச்சையா மாறி இலையோட இலையா இருக்கும். மெல்லத் தொட்டுப் பாருங்கோ, தலைக்குப் பின்னால இருந்து செம்மஞ்சள் நிறத்தில கவர் விட்ட கொம்பு ஒண்ட வெளிய தள்ளும், அதில இருந்து ஒரு புளிச்ச மணம் வரும். எறும்பு, குளவி எல்லாத்தையும் துரத்துறதுக்கு அதின்ர ஆயுதம் அது. தயவுசெய்து அந்தப் புழுவுக்கு மருந்து அடிக்காதேங்கோ, ஒரு வளர்ந்த தேசி மரம் பத்துப் புழு தின்னுறதால சாகாது, சின்னக் கண்டெண்டா புழுவ எடுத்துப் பெரிய மரத்தில விட்டாச் சரி.

அதே கறிவேப்பிலையிலயும் தேசியிலயும் கொமன் மோர்மன் எண்டதும் வளரும், இதப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா புதுசாப் பாக்கத் தொடங்கிற எல்லாரும் இதிலதான் குழம்பிறது. ஆண் கறுப்பு, பின்செட்டையில வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாப் போகும். பெண்ணுக்கு மூண்டு வேசம் இருக்குது. ஒண்டு ஆண் மாதிரியே இருக்கும், இன்னொண்டு கொமன் ரோஸ் எண்ட பூச்சியப் பாத்து அச்சடிச்சது, மூண்டாவது கிரிம்சன் ரோஸப் பாத்து அச்சடிச்சது. ரோஸ் ரெண்டும் நஞ்சுள்ளது, குருவி தின்னாது, அந்தப் பேர வைச்சு மோர்மன் பெண் தப்பிக்குது. எப்பிடிப் பிரிச்சுப் பிடிக்கிறதெண்டா செட்டையப் பாக்காதேங்கோ, உடம்பப் பாருங்கோ. உண்மையான ரோஸுக்கு தலையும் வயிறும் இரத்தச் சிவப்பா இருக்கும். மோர்மன் பெண்ணுக்கு உடம்பு கறுப்பு. பறக்கிறதிலயும் வித்தியாசம் தெரியும், ரோஸ் ஆறுதலா மிதந்து போகும், மோர்மனத் துரத்தினா வேகம் பிடிச்சு ஓடும், வேசம் அதோட கலைஞ்சு போகும்.

அன்னமுன்னா மரம் இருக்கிற வீட்டுக்காரர் டெயில்ட் ஜேயப் பாக்கலாம், கறுப்பில பச்சைப் புள்ளி, ஒரு இடத்தில நிக்காது, பூவில தேன் குடிக்கேக்கயும் செட்டையடிச்சுக்கொண்டே இருக்கும், அதால படம் எடுக்கிறது கஷ்டம், பாத்து ரசிக்கலாம். நெட்டிலிங்கத்திலயும் அது முட்டை வைக்கும். மாமரத்தில குருவிச்சை பிடிச்சா எல்லாரும் உடன வெட்டுவினம், மரத்துக்கு நல்லதில்லத்தான், ஆனா அந்தக் குருவிச்சையிலதான் ஜெசபெல் எண்ட வடிவான பூச்சியின்ர புழு கூட்டமா வளருது, அடிப்பக்கம் மஞ்சளும் ஓரத்தில சிவப்புமா இருக்கிறது, மரத்து உயரத்தில ஆறுதலாப் பறக்கும். ஒரு கொப்பிலயாவது குருவிச்சைய விட்டு வைக்கலாமெண்டு நான் கேக்கிறது.

கோயில் வீதி

சிவன் கோயிலுக்கும் வண்ணாத்திப்பூச்சிக்கும் இருக்கிற தொடர்ப கனபேர் யோசிச்சுப் பாக்கிறதில்ல. வில்வத்தில லைமும் மோர்மனும் முட்டை வைக்கும். கொன்றையில லெமன் எமிகிரன்ற். எருக்கில பிளேன் டைகர். அரளியில கொமன் குரோ. பூசைக்கெண்டு எங்கட ஆக்கள் காலங்காலமா நட்டு வளர்த்த மரம் செடியெல்லாம் இதுகளுக்கும் வீடு, அதால கோணேசர் கோயிலுக்குப் போனாலும் சரி, தம்பலகாமத்தில வயலுக்கு நடுவில இருக்கிற ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போனாலும் சரி, சாமி கும்பிட்டு முடிய வெளி வீதியில ஒரு சுத்து ஆறுதலா நடவுங்கோ. அரளி இலைக்குக் கீழ குனிஞ்சு பாத்தா சில நேரம் குரோவின்ர கூடு தொங்கும், முழுசா வெள்ளி மினுக்கத்தில, உங்கட முகமே அதில மங்கலாத் தெரியும். முதல்முறை காணுற பிள்ளையள் யாரோ நகை கட்டித் தொங்கவிட்டிருக்கினம் எண்டுதான் சொல்லுங்கள். கோணேசர் கோயில் இருக்கிற கோட்டைக்குள்ள ராணுவ முகாம் இருக்கிறதால கமராவ எந்தப் பக்கம் திருப்புறியள் எண்டதில கவனம் வேணும்.

எருக்கு எண்டா கோயிலடி மட்டுமில்ல, ரோட்டோரம், வெறும் வளவு, கடற்கரை எல்லா இடமும் நிக்கும், அதால பிளேன் டைகர்தான் புதுசாத் தொடங்கிறவைக்கு முதல் பாடம். செம்மஞ்சள் செட்டை, முன்செட்டை நுனி கறுப்பு, அதில வெள்ளைப் பட்டை. எருக்கிலையத் திருப்பிப் பாருங்கோ, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு, முதுகில மூண்டு சோடி கறுத்தக் கொம்பு. எருக்கம்பால் நஞ்சு, அத இது உடம்பில சேத்து வைக்குது, தின்ன குருவி சத்தி எடுத்து அடுத்தமுறை கிட்டவும் வராது.

இப்ப இதில ஒரு கள்ளனும் இருக்குது. டனாயிட் எக்பிளை எண்டதின்ர பெண் அப்பிடியே பிளேன் டைகரப் போல இருக்கும், நஞ்சு இல்லாமலே அந்த மரியாதைய வாங்கிக்கொண்டு திரியும். எருக்கடியில நிண்டு வடிவாப் பாருங்கோ: பின்செட்டை நடுவில மூண்டு கறுத்தப் புள்ளி கிட்டக் கிட்ட இருந்தா பிளேன் டைகர், ஆணெண்டா நாலாவதும் இருக்கும். அந்த நடுப்புள்ளிகள் இல்லாம மேல் விளிம்புப் பக்கம் ஒரேயொரு கறுப்பு மட்டும் தெரிஞ்சா அது எக்பிளை. அதின்ர ஆண் வேற நிறம், கறுப்பில பெரிய வெள்ளை வட்டம், வட்டத்தச் சுத்தி வெயில் படேக்க ஊதா மினுங்கும். அது வெறும் நிலத்தில, கல்லில குந்தியிருந்து தன்ர இடத்துக்குள்ள வாற எல்லாத்தையும் துரத்தும், தும்பியக் கூட விடாது. இதின்ர புழு தின்னுறது பருப்புக்கீரை, அதால கீரைப்பாத்தியடியிலயும் தேடலாம்.

உப்புவெளியில இருந்து குச்சவெளி வரைக்கும்

எனக்கு மிச்சம் பிடிச்ச இடம் இதுதான், இதப்பத்தித்தான் கூட எழுதப் போறன். டவுணில இருந்து புல்மோட்டை ரோட்டில வடக்க போகேக்க உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி எண்டு வரும், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில மணல் தரவை, அங்கங்க முள்ளுப்பத்தை. பாக்கிறவைக்கு ஒண்டுமில்லாத வெறுங்காணி. உண்மையில எங்கட மாவட்டத்தில வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகள் கூடுற இடம் அதுதான்.

காரணம் காத்தோட்டி. ஆடி அமாவாசைக்கு விரதகாரர் கறி வைக்கிற காத்தோட்டிக்காய் இருக்கே, அந்த முள்ளுக்கொடிதான். அதையும் அதின்ர சொந்தக்காரச் செடிகளையும் நம்பித்தான் ஒரு பெரிய வெள்ளைக் கூட்டமே வாழுது, பயனியர், கொமன் கல், சைக்கி, அதோட கிரேட் ஒரேஞ்ச் டிப். இந்த ஒரேஞ்ச் டிப் எங்கட வெள்ளைகளில ஆகப் பெரிசு, முன்செட்டை நுனியில செம்மஞ்சள் முக்கோணம், சரியான வேகம், பறக்கேக்க எட்டத்தில இருந்தே தெரியும், ஆனா குந்தி செட்டைய மூடினா காஞ்ச இலைதான், கண்ணுக்கு முன்னாலயே காணாமப் போயிடும். அதால அது எங்க குந்துதெண்டு கண் எடுக்காமப் பாத்து வைச்சுக்கொண்டுதான் நகரோணும். மாவிலங்கு மரத்திலயும் இது முட்டை வைக்கும். சைக்கி அதுக்கு எதிர்மாறு, சின்னன், வெள்ளை, முன்செட்டையில ஒரு கறுத்தப் பொட்டு, நிலத்தோட ஒட்டினபடி தளம்பித் தளம்பிப் பறக்கும், களைச்சுப் போச்சோ எண்டு இரக்கம் வரும், ஆனா மணிக்கணக்கா அப்பிடியே திரியும்.

விழுதிச் செடி நிண்டா கிரிம்சன் டிப் பாக்கலாம், வெள்ளைச் செட்டை நுனியில கருஞ்சிவப்பு, அது கண்டிட்டா அண்டைக்கு வேறொண்டும் காணாட்டியும் பரவாயில்ல. இசங்கு முள்ளுப்பத்தை நிண்டா ஸ்மோல் சமன் அராப், இளஞ்சிவப்புக் கலந்த ஒரு நிறம், எங்கட நாட்டில வரண்ட கரையோரங்களில இருக்கிறது. வேலியில படர்ற சின்னக் காட்டுக் கொடித்தோடையில, காயச் சுத்திப் பச்சை மயிர் வலை பின்னினபடி இருக்கிறதில, டோனி கொஸ்டர் எண்டதின்ர முள்ளுப் புழு கூட்டமா இருக்கும், பூச்சி மங்கின செம்மஞ்சள், ஆறுதலாப் பறக்கும். இந்தச் சோம்பல் பூச்சிதான் தென்கிழக்காசியா வழியா பரவிப் பரவி 2012ல அவுஸ்திரேலியாவில போய் நிண்டது.

ஈஸ்வரமூலிக் கொடி கண்டா அந்த இடத்தக் குறிச்சு வையுங்கோ. மருந்துக்குப் பிடுங்கிப் பிடுங்கி குறைஞ்சு வருது, ஆனா கிரிம்சன் ரோஸும் கொமன் ரோஸும் இந்தக் கொடிக் குடும்பத்த விட்டா வேறெதிலயும் வளராது. நஞ்சு அதுக்கு இந்தக் கொடியில இருந்துதான் கிடைக்குது. கொடி போனா ரோஸ் போகும், ரோஸ் போனா அதப் பாத்து வேசம் போட்ட மோர்மனுக்கும் பாதுகாப்புக் குறையும். மருந்துக்கு வேணுமெண்டா வேரோட பிடுங்காம வளவில நட்டு வளர்த்துக்கொள்ளுங்கோ.

பிறகு நிலத்தப் பாருங்கோ. நெருஞ்சி பூத்த மணலில நீலம் கலந்த மிகச் சின்னப் பூச்சிகள் கணுக்கால் உயரத்துக்கு மேல வராமப் பறக்கும், டார்க் கிராஸ் புளூ நெருஞ்சியில முட்டை வைக்கும். அதுக்குள்ள கிராஸ் ஜுவல் எண்டொண்டு இருக்குது, செட்டைய விரிச்சாலும் ரெண்டு சென்ரிமீற்றர் வராது, பின்செட்டை ஓரத்தில செம்மஞ்சள் சுத்தின கறுத்த பொட்டுகள் வரிசையா இருக்கும், வெயிலில அதுக்குள்ள பச்சை மினுங்கும். அதப் பாக்கோணுமெண்டா மணலில படுக்கத்தான் வேணும், படுத்துப் பாருங்கோ, அந்தப் பொட்டு மினுங்கிறதப் பாத்திட்டு எழும்ப மனம் வராது.

இந்தக் கரையோரம் காணி காணியா வெளிச்சுக்கொண்டு வருது. டோசர் விட்டுப் பத்தைய வழிச்சு புல்லுப் பதிச்சு தென்னை நடுறது துப்பரவெண்டு நினைக்கினம். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் வைச்சிருக்கிற ஆக்கள் ஆரும் இத வாசிச்சா, மதிலோரத்தில ஒரு பத்தடி அகலத்துக்கு காத்தோட்டியும் எருக்கும் விழுதியும் நிக்கிறபடி விடுங்கோ. வாற வெள்ளைக்காரருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட அதவிட நல்லது உங்களிட்ட இல்ல.

கன்னியாவும் காட்டுப்பக்கமும்

கன்னியா வெந்நீரூற்று டவுணில இருந்து எட்டு கிலோமீற்றர் அளவில, அனுராதபுர ரோட்டால போறது. ஏழு கிணத்தடியிலயும் ஆக்கள் அள்ளிக் குளிக்கிறதால தண்ணி ஓடி மண் எப்பவும் ஈரமா இருக்கும், ஈரமண் எண்டா ஆண் பூச்சிகள் வந்து குந்தி உறிஞ்சும், உப்புச்சத்து எடுக்கத்தான், அது இணை சேரேக்க பெண்ணுக்குப் போய் முட்டைக்கு உதவும். சனி, ஞாயிறு ஆக்கள் கூடுதல், கிழமை நாளில வெள்ளன போங்கோ. சுத்தியிருக்கிற காட்டில பாலை, வீரை, முதிரை நிக்கும். முதிரை எண்டா தளபாடத்துக்கு வெட்டுற மரமெண்டுதான் எல்லாருக்கும் தெரியும், அதிலதான் பாண்டட் பீகொக் எண்டது முட்டை வைக்குது, கறுத்தப் பச்சைச் செட்டையில நீலப்பச்சைப் பட்டை ஒண்டு மேல இருந்து கீழ ஓடும், வரண்ட காட்டுக்கே உரிய பூச்சி. புளிய மரத்தில பிளாக் ராஜா, அதுக்குப் பூ தேவையில்ல, மரத்தில வடியிற பால், அழுகின பழம், சாணி இதுகளில வந்து குந்தும், அதால கீழ விழுந்து அழுகின பழத்துக் கிட்ட ஒருக்கா பாத்திட்டுப் போங்கோ.

முதலிக்குளம், பன்குளம் பக்கம் உள்ளுக்குப் போறதெண்டா யானை இருக்குது. தனிய போகாதேங்கோ, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பத்தைக்குள்ள நிக்காதேங்கோ, ஊராக்களிட்ட கேட்டிட்டு இறங்குங்கோ.

வயலும் குளமும்

தம்பலகாமத்து வரம்பில நடந்தா பீகொக் பான்சி எப்பவும் இருக்கும், செம்மஞ்சளில பெரிய கண் வரைஞ்சது, அதின்ர புழு நீர்முள்ளி தின்னும். இதில ஒரு அதிசயம், மாரியில பிறக்கிறதுக்குச் செட்டையின்ர அடிப்பக்கத்தில கண்கள் தெரியும், கச்சான் காலத்தில பிறக்கிறதுக்கு அடிப்பக்கம் வெறும் காஞ்ச இலை, செட்டை ஓரமும் கூராப் போயிடும். ரெண்டும் ஒரே பூச்சி, சுத்திவர எல்லாம் காஞ்ச நேரத்தில காஞ்ச இலையா இருந்தாத்தான் தப்பலாம். ஒரே வரம்புக்கு தையில ஒருக்கா ஆவணியில ஒருக்கா போய் ரெண்டையும் படம் எடுத்து பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பொழுதுபடேக்க ஈவினிங் பிரவுண் வெளிக்கிடும், வீட்டு லைட்டுக்கும் வரும், அதின்ர புழு நெல்லும் புல்லும் தின்னுறது.

கந்தளாய்க் குளம், டவுணுக்குக் கிட்டப் பெரியகுளம், இப்பிடி எந்தக் குளமெண்டாலும் ஆடி, ஆவணியில தண்ணி வத்தேக்க ஓரத்துச் சேத்தில தேள்கொடுக்கு முளைக்கும். பூ வெள்ளை, கொத்து தேள்வால் போல சுருண்டிருக்கும். அதிலயும் கிலுகிலுப்பையிலயும், முக்கியமா காஞ்ச கொப்பில, புளூ டைகர், பிளேன் டைகர், குரோ எல்லாம் குவிஞ்சு கிடக்கும். தேனுக்கில்ல. அந்தச் செடியில இருக்கிற ஒரு நச்சுச் சத்த எடுக்க ஆண்கள்தான் கூடுதலா வரும், அதில இருந்துதான் பெண்ணக் கூப்பிடுற மணத்தச் செய்யுது. அந்த நேரத்தில கிட்டப் போனாலும் அசையாது, போன் கமராவே காணும். மகாவலி கடலோட சேர்ற மூதூர், சேருவில பக்கத்து வில்லுப் புல்வெளிகளும் நல்லம்தான், ஆனா யானை கூடுதல், ரோட்டோரத்தில நிண்டு பாக்கிறதோட நிப்பாட்டுங்கோ.

மாசி, பங்குனியில சில நாள் வெள்ளையும் மஞ்சளுமா எமிகிரன்ற் பூச்சிகள் நூறு நூறா ஒரே திசையில பறந்து போகும், ஆவரசிலயும் கொன்றையிலயும் வளர்ந்ததுகள். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகுதுகள் எண்டு சனம் சொல்லுறது இதத்தான். அப்பிடிக் கண்டா எந்தத் திசையால வந்து எந்தத் திசைக்குப் போகுது, பத்து நிமிசத்துக்கு எத்தினை போகுது எண்டு எழுதி வையுங்கோ.

கிட்டப் போறதும் படம் எடுக்கிறதும்

விலை கூடின கமரா தேவையில்ல. போனில ரெண்டு மடங்கு சூம் போட்டு எடுங்கோ. உங்கட நிழல் பூச்சியில விழக்கூடாது, விழுந்த அடுத்த நிமிசம் பறந்திடும், அதால சூரியன் எந்தப் பக்கமெண்டு பாத்திட்டு நகருங்கோ. நிண்டபடி போகாம குனிஞ்சு, மெல்ல, ஒரு அடி வைச்சு நிண்டு, பிறகு அடுத்த அடி. பறந்தா துரத்தாதேங்கோ, கனக்க வகை அதே இலைக்குத் திரும்பி வரும். செட்டையின்ர மேல்பக்கம், அடிப்பக்கம் ரெண்டையும் எடுக்கோணும், முக்கியமா சின்ன நீலங்கள அடிப்பக்கப் புள்ளிய வைச்சுத்தான் பேர் சொல்ல ஏலும், மேல் படம் மட்டும் இருந்தா எவ்வளவு தெரிஞ்ச ஆளும் கையை விரிப்பார்.

முழுக்கை சேட், மூடின சப்பாத்து, தண்ணிப்போத்தல். முள்ளுப்பத்தைக்குள்ள சுருட்டையும் புடையனும் இருக்கும், கால் வைக்கிற இடத்தப் பாத்து வையுங்கோ. மிதிவெடி எண்டு சிவப்புப் போட் இன்னும் எங்கயாவது நிண்டா அந்தப் பக்கம் காலே வைக்காதேங்கோ, எவ்வளவு அபூர்வமான பூச்சி பறந்தாலும் சரி. நேவிக் காணியடியிலயும் அதே கவனம்.

வலை கொண்டு போகவே கூடாது. அனுமதி இல்லாமப் பிடிக்கிறது, சேர்க்கிறது சட்டப்படி குற்றம், 2024ல யால காட்டில பூச்சிகளப் பிடிச்சு அடைச்சு வைச்சிருந்த ரெண்டு இத்தாலிக்காரருக்கு 60 மில்லியன் ரூபா தண்டம் போட்டது. பிள்ளையளுக்குப் புழு வளர்த்துக் காட்டோணுமெண்டா போத்தலுக்குள்ள போடாம தேசி மரத்திலயே ஒரு புழுவக் குறி வைச்சு ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கச் சொல்லுங்கோ, ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள கூடு கட்டி வெளிய வாறது வரைக்கும் பாக்கலாம். வளவில நடுறதெண்டா தேன் குடிக்க வெட்சி, செவ்வரத்தை, சீமை நாயுருவி, முட்டை வைக்க தேசி, கறிவேப்பிலை, அன்னமுன்னா, ஒரு எருக்கு. உண்ணிச்செடி பூத்தா பூச்சி வரும்தான், ஆனா அது பரவி மற்றச் செடிய அமத்திப்போடும், புதுசா நடாதேங்கோ.

எடுத்த படத்த ஐநேச்சுரலிஸ்ட் எண்ட செயலியில ஏத்துங்கோ, போனில இலவசமா இருக்குது, பேர் தெரியாட்டியும் பரவாயில்ல, தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லுவினம். திகதி, இடம், அதோட எந்தச் செடியில இருந்தது எண்டதையும் சேத்து எழுதுங்கோ, செடியின்ர படமும் ஒண்டு போடுங்கோ. குச்சவெளிப் பக்கம், மூதூர்ப் பக்கம், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருக்கிற ஆக்கள் உங்கட ஊர்ப் பத்தையில இருந்து தொடங்கினா நல்லம், வாற மாரிக்கு முதல் காத்தோட்டி எங்க நிக்குது, ஈஸ்வரமூலி எங்க நிக்குது எண்டு இப்பவே நடந்து பாத்துக் குறிச்சு வைச்சிட்டா மழை விட்ட முதல் வெயிலுக்கு நேரா அங்க போய் நிக்கலாம்.